தினம் ஒரு அடி

அந்தக் குளிர்காலம் கொரியாவின் தென்கரையில், தோங்யோங் பக்கத்துக் கடலில் சிப்பி கொழுத்து விளைந்திருந்தது. மிதவைகளுக்கு அடியில் தொங்கும் கயிறுகளை இழுத்தால் படகு ஒரு பக்கமாகச் சாய்ந்தது. சிப்பி உடைக்கும் கொட்டகையில் பெண்கள் நின்ற நிலையிலேயே நாளெல்லாம் கத்தி போட்டார்கள். கூடைக்கு ஆள் போதவில்லை, படகுக்கு ஆள் போதவில்லை. படகு முதலாளி பேக், துறையில் சும்மா நிற்கிறவனையெல்லாம் கையைப் பிடித்து இழுத்தார்.

"மான்சு மட்டும் அந்த ஊன்றுகோலைத் தூக்கிப் போட்டுட்டு வந்தான்னா எனக்கு ரெண்டு ஆள் மிச்சம்" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்.

மான்சு கோலைத் தூக்கிப்போட்டு எவ்வளவோ நாளாகிவிட்டது என்பது துறையில் எல்லோருக்கும் தெரியும். வெளியூர்க்காரர்களுக்கு மட்டும்தான் தெரியக் கூடாது.

மான்சு சில வருஷங்களுக்கு முன் படகில் கயிறு இழுத்துக்கொண்டிருந்தபோது பக்கவாதம் வந்து விழுந்தவர். வாய் ஒரு பக்கம் கோணிக்கொள்ள, வலது கையும் காலும் அப்படியே நின்றுபோயின. பெரிய ஆஸ்பத்திரியில் கொஞ்ச காலம் வைத்திருந்துவிட்டு வீட்டுக்கு அனுப்பினார்கள். அவர் மனைவி ஓக்நான் அப்போது கொட்டகையில் சிப்பி உடைத்துக்கொண்டிருந்தாள். வேலைக்குப் போகுமுன் ஒரு முறை, வந்தபின் ஒரு முறை நல்லெண்ணெய் போட்டு அந்தக் கை காலைத் தேய்ப்பாள். துண்டை அவர் இடுப்பில் கட்டி, மறுமுனையைத் தன் முழங்கையில் சுற்றிக்கொண்டு சுவரோரமாக நடத்துவாள். கிண்ணத்தில் சோயா பருப்பைப் போட்டு, சோறு சாப்பிடும் மரக்குச்சியால் ஒவ்வொன்றாக எடுக்கச் சொல்வாள். அவர் கிண்ணத்தைத் தட்டிவிடுவார்.

"பொறுக்குய்யா. நீ கொட்டுனதை நீதான் பொறுக்கணும். செத்த காலை நான் சுமக்குறேன், உன் திமிரையுமா சுமக்கணும்?"

தரையில் உட்கார்ந்து அழுதுகொண்டே பொறுக்குவார்.

இதைத்தான் மிர்யோங் தன் போனில் படம் பிடித்து இணையத்தில் போட்டாள். மான்சுவின் தங்கை. பூசானில் ஏதோ பயிற்சி நிலையத்தில் ஆள் சேர்க்கும் வேலையில் இருந்து, அதுவும் போய், புருஷனும் போய், அண்ணன் வீட்டுக்கு ஒரு பெட்டியோடு வந்திருந்தாள். படத்தை ஆயிரக்கணக்கில் பார்த்தார்கள். பார்த்தவர்களெல்லாம் பக்கவாதக்காரர் இருக்கும் வீட்டுப் பெண்கள். மாமியாரைப் புரட்டிப் போடுகிற மருமகள், புருஷனுக்குக் கஞ்சி ஊட்டுகிற மனைவி. எப்படித் தேய்க்கிறீங்க, எப்படித் திட்டுறீங்க, நாங்க திட்டினா கேட்க மாட்டேங்கிறாங்களே என்று கேட்டு எழுதினார்கள்.

"அண்ணி, இதைச் சும்மா விடக் கூடாது" என்றாள் மிர்யோங். "ஒரு தடவை வித்தா ஒரு தடவைதான் காசு. மாசாமாசம் வரணும், தண்ணி வரி மாதிரி. அவங்க மறந்து தூங்கினாலும் காசு பாட்டுக்கு வரணும்."

"யாரு தருவா மாசாமாசம்? ஒரு தடவை பாத்தா தெரிஞ்சிடப் போகுது."

"பாடத்துக்கா தருவாங்க? கூட ஒருத்தி இருக்கான்னு தருவாங்க அண்ணி."

அப்படித்தான் 'தினம் ஒரு அடி' என்ற இணையதளம் பிறந்தது. சந்தா கட்டினால் உறுப்பினர். தினமும் காலை பத்து மணிக்குப் பாடம். வாரம் ஒரு நாள் நேரலையில் கேள்வி பதில். ஓக்நானுக்குப் பாடம் நடத்தத் தெரியாது. கொட்டகையில் பேசுகிற மாதிரியே பேசினாள். "மலம் அள்ளும்போது மூச்சைப் பிடிக்காத, தலை சுத்தும். வாயால விடு" என்பாள். "அழறாரா? அழட்டும். நீ முதல்ல சோறு சாப்பிடு" என்பாள். அந்தப் பெண்களுக்கு அது போதும். ஆரம்ப காலத்தில் அவள் சொன்ன ஒவ்வொரு சொல்லும் உண்மை.

சந்தா வந்தது. ஓக்நானின் மணிக்கட்டு இரண்டும் கத்தி போட்டும் அவரைத் தூக்கியும் வீங்கிக் கிடந்தவை. அவள் கொட்டகை வேலையிலிருந்து நின்றாள். அடியில் கணப்பு போடும் வீட்டுத் தரை குளிர்காலம் முழுக்கச் சூடாக இருந்தது. மகள் சோல்மி சாங்வோனில் நர்ஸ் படிப்பில் சேர்ந்தாள்.

ஒரு வசந்த காலத்தில் மான்சு கோல் இல்லாமல் துறை வரைக்கும் நடந்தார். மிர்யோங் பின்னாலேயே ஓடிப் படம் பிடித்தாள். பேக் சோஜுச் சாராயம் வாங்கிக் கொடுத்தார். மான்சு வலது கையால் கோப்பையைத் தூக்கிக் குடித்தார். அன்று இணையதளம் முழுக்க வாழ்த்து. அந்த மாதம் முடிவதற்குள் உறுப்பினர்கள் கும்பல் கும்பலாக விலகினார்கள்.

மிர்யோங் சிலருக்குப் போன் போட்டுக் கேட்டாள்.

"அவர் எழுந்துட்டார். எங்க வீட்டுல எழலையே. இனிமே பாத்தா வயிறு எரியுதும்மா" என்றாள் ஒருத்தி.

இன்னொருத்தி சிரித்தாள். "எழுந்தாச்சுல்ல? கதை முடிஞ்சது. இன்னும் என்ன பாக்க?"

அன்று ஓக்நான் சோறு வைக்கவில்லை. மிர்யோங்தான் நூடுல்ஸ் கொதிக்க வைத்துச் சட்டியோடு நடுவில் வைத்தாள்.

"அண்ணனுக்கு லேசா ரெண்டாவது தடவை வந்திடுச்சுன்னு சொல்லலாம்" என்றாள், நூடுல்ஸை உறிஞ்சிக்கொண்டே. "கோலை எடுக்கட்டும். கொஞ்ச நாள்."

மான்சுவுக்குச் சிரிப்பு வந்தது. "அட, நடிக்கச் சொல்றியா? சின்ன வயசுல பள்ளிக்கூடத்துல வயித்து வலின்னு நடிச்சவன்தானே நான்."

கோலை எடுத்து, காலை இழுத்து, வாயைக் கோணி அந்த அறைக்குள்ளேயே ஒரு சுற்று வந்தார். ஓக்நானும் சிரித்துவிட்டாள். அழுகைக்குப் பக்கத்தில் இருந்த சிரிப்பு.

போனவர்கள் திரும்பி வந்தார்கள். முன்னைவிட அதிகம் பேர், முன்னைவிடப் பாசமாக. ஜின்செங் வேர் அனுப்பினார்கள், பூசணிச் சாறு அனுப்பினார்கள், கையால் பின்னிய கம்பளிக் காலுறை அனுப்பினார்கள். 'நாம எல்லாரும் சேர்ந்து விழுவோம், சேர்ந்து எழுவோம்' என்று ஒருத்தி எழுதியதை மிர்யோங் முகப்பிலேயே போட்டாள்.

கொஞ்ச நாள் என்றது கொஞ்ச நாளில் முடியவில்லை. சோல்மி விடுதியில் அந்த நேரலையைப் பார்த்துவிட்டு, அப்பாவுக்கு மறுபடி வந்துவிட்டது என்று அழுதுகொண்டே பஸ் ஏறி வந்தாள். வாசலில் அப்பா கேஸ் சிலிண்டரைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்துகொண்டிருந்தார். அவள் அவரைத் தாண்டிக்கொண்டு நடந்தாள். உள்ளே போய் அம்மாவைப் பார்த்தாள், அத்தையைப் பார்த்தாள். காய்ந்த முள்ளங்கிக் கீரைச் சூப் ஆவி பறக்க இருந்தது. ஒரு வாய் கூடத் தொடாமல் அடுத்த பஸ்ஸுக்குப் போய்விட்டாள்.

துறையில் ஆண்கள் விடவில்லை. மான்சு எதிர்ப்பட்டால், "என்ன அண்ணே, இன்னிக்கு எந்தக் கால் நொண்டணும்? மறந்துடப் போறீங்க" என்பார்கள். "காமிரா இல்லப்பா, நிமிர்ந்து நில்லு" என்பார்கள். அவர் முதலில் பதிலுக்குச் சிரித்தார். பிறகு துறைப் பக்கம் போவதை விட்டார். பகலெல்லாம் சூடான தரையில் படுத்துக் கூரையைப் பார்த்தார். சும்மா இருக்கிற நேரத்திலும் வலது காலை ஒருவிதமாகத் திருப்பி வைக்கத் தொடங்கியிருந்தார்.

சிப்பி கொழுத்த அந்தக் குளிர்காலத்தில்தான், ஒரு காலைச் சாப்பாட்டில் வாய் திறந்தார்.

"சோல்மி அம்மா. நாளையிலேருந்து நான் படகுக்குப் போறேன்."

ஓக்நான் கிம்ச்சி ஊறுகாயைக் கத்தரியால் நறுக்கிக்கொண்டிருந்தாள். கத்தரி நின்றது. "எந்தப் படகுக்கு?"

"பேக் அண்ணன் படகுக்கு. வேற எந்தப் படகு இருக்கு?"

"உனக்கு என்ன குறை இங்க? வேளாவேளைக்குச் சோறு, சூடான தரை."

"மாட்டுக்கும்தான் இருக்கு."

"அண்ணே, நாலு நாள் படகுல போனா நாப்பது பேர் பாப்பாங்க" என்றாள் மிர்யோங். "எவனாவது போன்ல பிடிச்சுப் போட்டான்னு வை, அத்தோட சரி. மோசடின்னு போலீஸ் வரும். உன்னையில்ல, அண்ணியைத்தான் கூட்டிட்டுப் போவான். தளம் அண்ணி பேருல இருக்கு."

"அப்ப நிறுத்துங்க."

"நிறுத்திட்டு?" ஓக்நான் இரண்டு மணிக்கட்டையும் அவர் முகத்துக்கு முன்னால் நீட்டினாள். "இதை வச்சுக்கிட்டு மறுபடி கொட்டகைக்குப் போகவா? சொல்லு. உன்னைத் தூக்கித் தூக்கித்தான் இது இப்படிப் போச்சு. நான் உன்னை எழுப்பினேன்ல? எழுப்பினவ ஒண்ணு கேக்குறேன், உக்காருன்னு. உக்காரக் கூடாதா?"

"எழுப்புனது உக்கார வைக்கத்தானா?"

"ஆமா" என்றாள் ஓக்நான். "அப்படித்தான்னு வச்சுக்க."

மான்சு சாப்பாட்டுக் குச்சியைக் கீழே வைத்தார். சோற்றில் பாதி அப்படியே இருந்தது.

மறுநாள் அவர் போய்விட்டார். கம்பளித் தொப்பியைக் கண் வரைக்கும் இழுத்து, கழுத்துத் துணியால் மூக்கை மூடி, ரப்பர் உடுப்பு போட்டுக்கொண்டு. பேக் ஒன்றும் கேட்காமல் கயிறு இழுக்கிற இடத்தைக் காட்டினார். அவரைக் கேலி செய்தவர்களே தள்ளி நின்று இடம் விட்டார்கள். கயிற்றின் பாரம் தோளில் ஏறியதும் மான்சு பாட்டாக ஏதோ முனகினாராம். படகில் இருந்தவர்கள் பிற்பாடு சொன்னார்கள்.

படகு கரைக்கு வந்து கூடை இறக்கும்போது, துறையில் ஒரு வெள்ளை வேன் வந்து நின்றது. ஓட்டி வந்தவள் ஐம்பது வயதுப் பெண். நெடுந்தூரம் ஓட்டிய களைப்பு முகத்தில். பக்கத்து இருக்கையில் அவள் புருஷன், பெல்ட்டில் கட்டி வைத்தது போல. வாயோரம் ஒழுகுவதற்குத் துணி செருகியிருந்தது. கண் மட்டும் துறையில் நடக்கிற ஒவ்வொன்றையும் பார்த்துக்கொண்டிருந்தது.

அவள் கண்ணாடியை இறக்கி, கூடையோடு போய்க்கொண்டிருந்த மான்சுவையே கூப்பிட்டாள்.

"அய்யா, 'தினம் ஒரு அடி' ஓக்நான் அக்கா வீடு எங்க இருக்கு? நாங்க நாம்வோன்லேருந்து வர்றோம். சொல்லாம வந்துட்டோம்."

மான்சு கூடையை இறக்கவும் முடியாமல் நகரவும் முடியாமல் நின்றார். கழுத்துத் துணி கீழே நழுவியிருந்தது. அந்தப் பெண் கண்ணைச் சுருக்கினாள்.

"நீங்க... அவரு மாதிரியே..."

அண்ணனைத் திட்டிக் கூட்டிப்போக அந்த நேரம் பார்த்து வந்த மிர்யோங், வேனுக்கும் மான்சுவுக்கும் நடுவில் புகுந்தாள்.

"அண்ணன்! இவரு அவரோட அண்ணன். ஒரே ஜாடை, எல்லாரும் ஏமாறுவாங்க. நான் மிர்யோங், கேள்வி பதில்ல எழுதுவேனே, அந்த மிர்யோங். நாம்வோன்னா நீங்க சுன்ரே அக்காதானே? வாங்க வாங்க."

சுன்ரே மான்சுவையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அண்ணனா? தம்பி எப்படி இருக்காரு? போன வாரம் அந்த மூணு படியில ஏற முடியாம நின்னாரே, பாத்துட்டு நாங்க ரெண்டு பேரும் அழுதோம்."

துறையில் வேலை நின்றிருந்தது. பேக் கொக்கியைப் பிடித்தபடி பார்த்துக்கொண்டிருந்தார்.

"பரவால்ல" என்றார் மான்சு. "வீட்டுல படுத்திருக்கான்."

வேனில் இருந்தவரின் கண் அவர் முகத்திலிருந்து கைக்கு இறங்கியது. கூடையின் விளிம்பைப் பிடித்திருந்த வலது கையில் சிப்பி ஓடு ஆழமாகக் கிழித்து ரத்தம் வழிந்துகொண்டிருந்தது.

"முதல்ல சூடா ஒரு சூப் குடிங்க அக்கா. அண்ணி வீட்டை ஒழுங்கு பண்ணட்டும்" என்று மிர்யோங் அவர்களைத் துறைக் கடைக்கு நடத்தினாள். திரும்பி அண்ணனைப் பார்த்த பார்வையில் சொல்ல வேண்டியது எல்லாம் இருந்தது.

மான்சு கூடையைக் கீழே வைத்தார். பிறகு ஓடினார். விழுந்த நாளிலிருந்து அவர் ஓடி யாரும் பார்த்ததில்லை. மேட்டுச் சந்தில் ரப்பர் செருப்பு சளக் சளக்கென்று அடிக்க, காற்றுக்கு எதிரே தலையைக் குனிந்துகொண்டு ஓடினார். ஒருத்தன் சிரிக்க ஆரம்பித்தான். பேக் திரும்பி ஒரு பார்வை பார்த்ததும் நிறுத்திக்கொண்டான்.

வேன் வீட்டு வாசலுக்கு வந்தபோது மான்சு உடுப்பு மாற்றி, சக்கரம் வைத்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். மடியில் போர்வை, பக்கத்தில் கோல். மூச்சு இன்னும் அடங்கவில்லை. ஓக்நான் துண்டால் அவர் நெற்றி வேர்வையைத் துடைத்தாள்.

"பாடத்துல இப்பத்தான் நடந்தாரு, அதான் இளைக்குது" என்றாள் வந்தவளிடம்.

சுன்ரே தரையில் விழுந்து கும்பிட்டாள். பிறகு ஓக்நானின் கையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை.

"அக்கா, உங்ககிட்ட நேர்ல சொல்லணும்னு வந்தேன். நான் இவரை அடிக்கிறேன் அக்கா." பக்கத்திலேயே தள்ளுநாற்காலியில் புருஷனை வைத்துக்கொண்டே சொன்னாள். "காலையில உங்க பாடத்தை வைப்பேன். பாரு, மான்சு அய்யாவுக்கு ரெண்டு தடவை வந்தும் எப்படி முயற்சி பண்றாருன்னு காட்டுவேன். இவரு சுவரைப் பாத்து முகத்தைத் திருப்பிக்குவாரு. உடனே எனக்கு வெறி வந்துடும். கையில கரண்டி இருந்தா கரண்டி, செருப்பு இருந்தா செருப்பு. அடிச்சிட்டு நானும் அழுவேன். அப்புறம் அய்யாவும் மெதுவாத்தானே வர்றாருன்னு நினைச்சுப்பேன். அவரு எழுந்தா இவரும் எழுவாருன்னு. அதுதான் என்னை உசிரோட வச்சிருக்கு."

ஓக்நான் அவள் பிடியிலிருந்து ஒரு கையை விடுவித்து, மான்சுவின் போர்வையை இன்னும் கொஞ்சம் மேலே இழுத்துவிட்டாள்.

"அய்யா, இவருகிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்க" என்று சுன்ரே தள்ளுநாற்காலியை மான்சுவுக்கு எதிரே நகர்த்தினாள். முழங்காலும் முழங்காலும் இடித்தன. "பேரு பியோங்தே. விழுந்ததுலேருந்து ஒரு சொல்லு பேசினதில்ல. ஆனா எல்லாம் புரியும்."

மான்சு கண்ணைத் தாழ்த்திக்கொண்டார். வாயைக் கோணி, பாடத்துக் குரலில், "தை... தைரியமா... இருங்க" என்றார்.

பியோங்தேயின் இடது கை எழுந்தது. நல்ல கை அதுதான். போர்வைக்கு அடியில் மறைத்திருந்த மான்சுவின் வலது கையைத் தேடிப் பிடித்து வெளியே இழுத்தது. சட்டைக் கையைப் பற்றி மேலே தள்ளியது. அவசரத்தில் சுற்றிய துணி ஊறிச் சிவந்திருந்தது. பியோங்தே அந்தத் துணியைப் பிய்த்தார். புதுக் காயம் வாயைத் திறந்துகொண்டு இருந்தது. அதைப் பிடித்து மனைவிக்கு நேரே தூக்கிக் காட்டினார்.

"ஊ... ஊஊ... ஊ!"

உடம்பு முழுக்க உதறியது. கழுத்து நரம்பு புடைத்தது. கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. மனைவியைப் பார்த்தார், காயத்தைப் பார்த்தார், மறுபடி மனைவியைப் பார்த்தார்.

சுன்ரே வாயைப் பொத்திக்கொண்டாள்.

"அக்கா! கையை நீட்டுனாரு! குரல் வருது பாருங்க! சத்தமே வந்ததில்ல அக்கா, சத்தமே வந்ததில்ல!" அவள் தரையில் உட்கார்ந்து புருஷனின் காலைக் கட்டிக்கொண்டு அழுதாள். "அய்யாவைப் பாத்ததும் வந்திடுச்சு. அவரு கையைப் பிடிச்சதும் வந்திடுச்சு."

மிர்யோங்கின் போன் ஏற்கெனவே மேலே எழுந்திருந்தது.

மான்சு கையை இழுத்துக்கொள்ளவில்லை. ரத்தம் இரண்டு பேர் விரல்களிலும் வழிந்தது. "கண்ணாடி டம்ளர் உடைஞ்சு கீறிடுச்சு காலையில" என்று மிர்யோங் படம் பிடித்தபடியே சொன்னாள். யாரும் கேட்கவில்லை.

ஓக்நான்தான் நடுவில் வந்து குனிந்தாள். மடங்கிப்போன விரல்களைப் பிரிப்பது அவளுக்குக் கைவந்த வேலை. சுண்டு விரலில் தொடங்கி ஒவ்வொன்றாக, வலிக்காமல் பிரித்தாள். முகம் பியோங்தேயின் காதருகே இருந்தது.

"விட்டுடுங்க அய்யா" என்றாள், அவருக்கு மட்டும் கேட்கும்படி. "என் பொண்ணு படிக்கிறா."

பியோங்தே அவள் முகத்தில் துப்பினார்.

"கோபம் வருது பாருங்க!" என்று சிரித்தாள் சுன்ரே, அழுகைக்கு நடுவில். "நீங்கதானே அக்கா சொன்னீங்க, கோபம் வந்தா உசிரு திரும்புதுன்னு."

"ஆமா" என்றாள் ஓக்நான். துப்பலைத் துடைத்துக்கொண்டாள். "நல்லதுதான்."

அந்தப் படம் அன்றே இணையதளத்தில் ஏறியது. சுன்ரே மனமாரச் சம்மதம் சொல்லிவிட்டுத்தான் போனாள். ஓக்நான் மடித்துக் கொடுத்த காய்ந்த நெத்திலிப் பொட்டலத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வேன் ஏறினாள். படத்தைப் பார்த்துச் சேர்ந்தவர்களின் கணக்கைப் பார்த்து மிர்யோங்கே திகைத்துப்போனாள். பூசானிலிருந்து நல்ல காமிரா வாங்கி வந்தாள். பேக் ஆள் அனுப்பிக் கேட்டதற்கு, மான்சுவுக்கு உடம்பு சரியில்லை என்று பதில் போனது. பேக் அதற்குப் பிறகு கேட்கவில்லை.

காயம் ஆறிய பிறகு ஒரு மத்தியானம் சுன்ரேயிடமிருந்து போன் வந்தது. ஓக்நான் கிம்ச்சிக்குக் கோசு உப்பில் போட்டுக்கொண்டிருந்தாள். கை ஈரமாக இருந்ததால் போனைத் தரையில் வைத்து ஒலிபெருக்கியில் பேசினாள்.

"அக்கா, இப்ப தினமும் மூணு வேளை அந்தப் படத்தைப் போட்டுக் காட்டுறேன். அதைப் பாத்தா மட்டும் இவருக்குக் குரல் வருது. கத்துறாரு, தலையைச் சுவத்துல முட்டிக்கிறாரு. சாப்பாட்டைத் துப்புறாரு. ரெண்டு நாளா தண்ணிதான் இறங்குது. ஆனா குரல் வருது அக்கா. நிறுத்தக் கூடாதுல்ல?"

ஓக்நானின் கை உப்புத் தண்ணீருக்குள் நின்றது.

அடுத்த அறையில் படுத்திருந்த மான்சு எழுந்து வந்தார். போனைக் கையில் எடுத்தார், வலது கையால்.

"அம்மா, நான் மான்சு பேசறேன்" என்றார். ஒரு எழுத்துக் கூடப் பிசகவில்லை. "அந்தப் படத்தை அவருக்குக் காட்டாதீங்க. துறையில கூடை தூக்குனது நான்தான். எனக்கு அண்ணன் கிடையாது. நான் எழுந்து நடந்து ரொம்ப காலமாச்சு. அவருக்கு அது தெரியும். அதைத்தான் உங்ககிட்ட சொல்லப் பாக்குறாரு. அவரை அடிக்காதீங்க. சோறு குடுங்க."

மிர்யோங் தன் அறையிலிருந்து ஓடி வந்து வாசலில் நின்றுவிட்டாள். ஓக்நான் எழுந்திருக்கவில்லை, தடுக்கவும் இல்லை. போனில், தூரத்தில், யாரோ எதிலோ இடித்துக்கொள்ளும் சத்தம் மட்டும் வந்துகொண்டிருந்தது.

பிறகு சுன்ரே பேசினாள். குரல் முற்றிலும் வேறாக இருந்தது.

"அப்படிச் சொல்லாதீங்க அய்யா."

"நிசம்தான்மா."

"எனக்கு நிசம் எதுக்கு? காலையில கண்ணு முழிச்சா இந்த மனுஷன்தான் கிடக்காரு. பத்து மணிக்கு உங்க பாடம் வருது, அதுக்காக எழுந்திருக்கிறேன். அது இல்லன்னா இவரையும் கொன்னுட்டு நானும் போயிடுவேன். வீட்டுல மருந்து வச்சிருக்கேன். உங்களால வந்து தூக்கிப் போட முடியுமா எங்களை?"

மான்சு தரையில் உட்கார்ந்தார்.

"அன்னிக்குத் துறையிலேயே எனக்குத் தெரிஞ்சிடுச்சு" என்றாள் சுன்ரே. "அங்க அந்த ரத்தத்தையும் பாத்தேன், வீட்டுல அந்தக் காயத்தையும் பாத்தேன். தெரியாதுன்னு வச்சுக்கிட்டேன். நீங்களும் வச்சுக்குங்க."

இடிக்கும் சத்தம் நின்று, மறுபடி தொடங்கியது. அவள் போனிலிருந்து முகத்தைத் திருப்பி, "சும்மா கிட!" என்று அதட்டுவது கேட்டது. பிறகு திரும்பி வந்து, நேரலையில் கேள்வி கேட்கிற அதே பணிவான குரலில் கேட்டாள்.

"நாளைக்குப் பாடம் வரும்ல அய்யா?"

மான்சு மனைவியைப் பார்த்தார். அவள் கோசு இலைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் வாய் மெல்ல ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டது.

"வ... வரும்... மா" என்றார்.